பையனுக்கு என்ன பேர் வைக்கலாம்? தாத்தா பேரா, 'பென்னிகுயிக்'கா, நட்சத்திர எழுத்தா? பிறப்புச் சான்றிதழில் எழுதும் முன் இதைப் படிங்க!

பையன் பிறந்திருக்கான்னு போன் வந்த அடுத்த நிமிஷமே எல்லாரும் கேட்கிற கேள்வி, "பேர் வச்சாச்சா?" என்பதுதான். தாத்தா குலதெய்வத்தை நினைச்சு 'கருப்பசாமி' என்று முடிவு பண்ணியிருப்பார். அப்பா போனில் மூணெழுத்துப் பெயராகத் தேடிக்கொண்டிருப்பார். ஜோசியர் 'ஷ'வில் ஆரம்பிக்கச் சொல்லியிருப்பார். பெற்ற அம்மாவிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி தாலுகாவில், மூல வைகை ஓரம் இருக்கும் மயிலாடும்பாறையாக இருந்தாலும் சரி, சென்னையாக இருந்தாலும் சரி, இந்தப் பஞ்சாயத்து எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் முன்பெல்லாம் வீட்டில் ஒரு பேர், பள்ளியில் ஒரு பேர் என்று சமாளித்துவிடலாம். இப்போது அப்படி இல்லை. பிறப்புச் சான்றிதழில் முதல் முறை என்ன எழுதுகிறோமோ, அதுதான் பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை கூடவே வரப்போகிறது. அதனால் பெயரைத் தேர்வு செய்வது எப்படி, அதைப் பதிவு செய்வது எப்படி என்று இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம் வாங்க.

'பேரன்' என்றால் என்ன அர்த்தம்?

மகனுடைய மகனை 'பேரன்' என்கிறோம். அந்தச் சொல்லின் பழைய வடிவம் 'பெயரன்'. தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்பது பொருள். 'பெயர்த்தி'தான் பேத்தி ஆனது. அதாவது தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம், உறவுமுறைச் சொல்லாகவே மாறிப்போகிற அளவுக்குத் தமிழில் பழையது.

அரச குடும்பங்களிலும் இதைப் போன்ற ஒரு சுழற்சியைப் பார்க்கலாம். சோழ மன்னர்கள் 'இராசகேசரி', 'பரகேசரி' என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். மதுரைப் பாண்டியர்களிடம் 'மாறவர்மன்', 'சடையவர்மன்' என்ற பட்டங்கள் இப்படி வரும். பட்டம் ஒரு தலைமுறை தாண்டித் திரும்ப வருவது, தாத்தா பெயர் பேரனிடம் வருவதைப் போலத்தான்.

தென் மாவட்டங்களில் இன்னும் பல குடும்பங்களில் கணக்கு இதுதான்: மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பேர். இல்லையென்றால் குலதெய்வத்தின் பேர். கருப்பசாமி, மாயாண்டி, முத்தையா, விருமாண்டி எல்லாம் இப்படி வந்த பெயர்கள்தான். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும்போது அந்தப் பேர் ஊரறியச் சொல்லப்படும்.

கூப்பிடும் பேர் ஏன் வேறாக இருக்கு?

இங்கேதான் ஒரு சிக்கல். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. ஆனால் பிள்ளைக்கு மாமனார் பேரையே வைத்துவிட்டால், பெற்ற தாய் அவனை எப்படிக் கூப்பிடுவாள்? அதனால்தான் 'ராசா', 'பெரியவரே', 'சாமி', 'தங்கம்' என்று இன்னொரு பேர் வந்தது. வீட்டுப் பேர், ஏட்டுப் பேர் என்று இரண்டு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கொஞ்சம் கனமானது. அடுத்தடுத்து குழந்தைகள் இறந்த வீட்டில், பிழைத்துக் கிடக்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து 'குப்பன்', 'குப்புசாமி' என்று பேர் வைப்பார்கள். வேறு ஒருவரிடம் தவிட்டுக்கு விற்பதுபோல் விற்று, திரும்ப வாங்குவார்கள். 'பிச்சை' என்ற பேரும் அப்படி வந்ததுதான். எமனுக்கோ கண்ணேறுக்கோ இந்தப் பிள்ளை மேல் ஆசை வரக் கூடாது என்பது நம்பிக்கை. இன்றைக்கு இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அதற்குப் பின்னால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீடு இருந்திருக்கும். தாத்தாவின் பேர் 'பழசா இருக்கு' என்று ஒதுக்கும் முன், அது எப்படி வந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

தேனியில் மட்டும் ஏன் 'பென்னிகுயிக்'?

கம்பம் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பையன்களுக்கு ஓர் ஆங்கிலேயரின் பெயர் உண்டு: பென்னிகுயிக். வாக்காளர் பட்டியலிலும் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் வெள்ளைக்காரர் பேரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது சாமி பேர் மாதிரி.

கர்னல் ஜான் பென்னிகுயிக், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர். 1887-ல் தொடங்கிய வேலை, 1895 அக்டோபரில் அணை திறப்போடு முடிந்தது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது அந்தத் திட்டம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கு முழுக்க நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான். லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பேர்தான். அவருடைய பிறந்தநாள் ஜனவரி 15. பொங்கலையொட்டி வருவதால், சில ஊர்களில் அவர் படத்தை வைத்தே பொங்கல் வைக்கிறார்கள்.

இதே பகுதியில் கேட்கும் இன்னொரு பேர் 'லோகன்துரை'. பெரியாற்றுத் திட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லோகன் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் நினைவாக வைப்பது.

மயிலாடும்பாறைப் பக்கம் கதை வேறு. மேகமலைக்கு இந்தப் பக்கம், வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகைதான் இங்கே ஆறு. பெரியாற்றுத் தண்ணீர் இந்த வழியாக வருவதில்லை. மழை பெய்தால் தண்ணீர், இல்லையென்றால் மணல். ஒரே மாவட்டம்தான். ஆனால் ஒரு பள்ளத்தாக்கு பென்னிகுயிக்குக்குக் கடன்பட்டிருக்கிறது, இன்னொன்று வானத்துக்கும் குலதெய்வத்துக்கும் கடன்பட்டிருக்கிறது. பையனுக்கு வைக்கும் பேர் பெரும்பாலும் இப்படி ஒரு கடனைச் சொல்லிவிடும். தலைவர் பேர் வைப்பதும் இதே மாதிரிதான். 1984-ல் அமெரிக்க மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். ஜெயித்த தொகுதி ஆண்டிபட்டி. அவர் மேல் பற்றுள்ள குடும்பங்களில் 'ராமச்சந்திரன்' பிறப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒரே பேர், எத்தனை ஸ்பெல்லிங்?

பென்னிகுயிக் என்ற பேரிலேயே இன்னொரு பாடமும் இருக்கு. தமிழில் அதை பென்னிகுயிக், பென்னிகுவிக், பென்னி குக் என்று பல விதமாக எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்தில் இதே பேரில் இருக்கும் ஊரை அங்குள்ளவர்கள் 'பென்னிகுக்' என்றுதான் உச்சரிக்கிறார்கள். அரசு மணிமண்டபம் கட்டியவரின் பேருக்கே ஒற்றை எழுத்துமுறை இல்லை. சாதாரண வீட்டுப் பையனின் பேர் என்ன பாடுபடும்?

தமிழில் ஒழுங்காக இருக்கும் பேரும் ஆங்கிலத்துக்குப் போனால் தடம் மாறும். 'எழிலன்' என்ற பேரின் ழகரத்தை ஒருவர் இசட்-ஹெச் போட்டு எழுதுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். 'கதிர்' என்பதில் தகரத்துக்கு டி மட்டும் போடுவதா, கூட ஹெச் சேர்ப்பதா? சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஆகிவிட்டால், பிறகு அலைவது நீங்கள்தான். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறை மட்டுமே பொதுவாக மாற்ற முடியும் என்பதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நட்சத்திர எழுத்துப்படி வைக்கலாமா?

அது உங்கள் நம்பிக்கை. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 எழுத்து என்பது கணக்கு. அசுவினிக்கு 'சு, சே, சோ, லா', மகத்துக்கு 'மா, மீ, மூ, மே' என்று போகும்.

ஆனால் இந்த எழுத்துகள் எல்லாம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருபவை அல்ல. ட, ர, ல போன்றவை தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வராது என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்தே இலக்கணம். அஸ்தம் நட்சத்திரத்துக்கு 'ஷ', 'ட' என்று வரும்போது, தமிழ்ப் பேர் வேணும்னு நினைக்கும் பெற்றோர் மாட்டிக்கொள்வது இதனால்தான். அதே நட்சத்திரத்துக்கு 'பூ' என்ற எழுத்தும் இருக்கு என்பது ஒரு ஆறுதல். ஜாதகப் பேரைத் தொட்டிலில் காதில் சொல்லிவிட்டு, சான்றிதழில் விரும்பிய பேரை எழுதும் குடும்பங்களும் உண்டு. சட்டப்படி இதில் எந்தத் தடையும் இல்லை.

அப்போ பேரை மாத்துறது சுலபமா இருந்ததே?

இருந்தது. அதற்கும் தேனி மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த அந்தப் பையனுக்கு வைத்த பேர் ஞானதேசிகன். பள்ளியில் சேர்க்கும்போது ராஜையா ஆனார். ஊரில் ராசையா. சென்னையில் இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர் 'ராஜா' என்று கூப்பிட்டார். 1976-ல் 'அன்னக்கிளி' படத்தின்போது பஞ்சு அருணாசலம் முன்னால் 'இளைய' சேர்த்தார். அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். பாரதிராஜா ஆன அல்லிநகரத்துச் சின்னசாமியும் இதே மாவட்டத்துக்காரர்தான்.

அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதுதான் பேர், அவர் போட்டதுதான் பிறந்த தேதி. அந்த வசதி இப்போது இல்லை.

2023-க்குப் பிறகு என்ன மாறியது?

பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. அதில் 2023-ல் செய்த திருத்தம், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, பிறந்த தேதி, பிறந்த இடம் இரண்டையும் நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் இதுவே.

அதாவது இப்போது தொட்டிலில் கிடக்கும் பையனுக்கு, 'பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கிடையாது. பள்ளியே சான்றிதழைத்தான் கேட்கும்.

சரி, எத்தனை நாளுக்குள் என்ன செய்யணும்?

21 நாள்: குழந்தை பிறந்ததை இதற்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் தகவல் தருவது அவர்கள் பொறுப்பு. இந்தக் கட்டத்தில் பேர் முடிவாகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பேர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம்.

12 மாதம்: இதற்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். பெற்றோர் அல்லது பாதுகாவலர் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

15 வருஷம்: 12 மாதம் தாண்டிவிட்டால், 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் இது ரூ.200. அதற்கும் மேல் போனால் வழக்கமான வழி கிடையாது. அரசு சிறப்பு அவகாசம் அறிவித்தால்தான் உண்டு.

பிறப்பையே பதிவு செய்யாமல் விட்டிருந்தால் நிலைமை வேறு. 30 நாளுக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் என்றால் மாவட்டப் பதிவாளரின் அனுமதி வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் நடுவர் உத்தரவு வரை போகும்.

எங்கே போகணும்?

இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, குழந்தை எங்கே பிறந்தது என்பதுதான் கணக்கு. மயிலாடும்பாறைக்காரராக இருந்தாலும், பிரசவம் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்திருந்தால், அந்த இடத்துக்கான பதிவாளரிடம்தான் போக வேண்டும். ஊர் வி.ஏ.ஓ.விடம் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மா வீட்டில் தங்கிப் பிரசவம் பார்த்து, பிறகு வேறு மாவட்டத்துக்குத் திரும்பிவிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். முடிந்தால் அம்மா வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பேரை முடிவு செய்து வேலையை முடித்துவிடுங்கள். அப்புறம் ஒரு கையெழுத்துக்காக பஸ் ஏற வேண்டியிருக்காது.

கர்ப்பக் காலத்தில் கிராமச் செவிலியர் பதிந்து கொடுத்த பிக்மி எண்ணையும் பத்திரமாக வைத்திருங்கள். சான்றிதழுக்கு அது தேவைப்படும்.

இனிஷியல் போதுமா?

ஊருக்குள் போதும். 'மயிலாடும்பாறை' என்று சொன்னாலே, 4,200 ஆண்டு பழைமையான இரும்பு கிடைத்த கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையா, நம்ம தேனி மயிலாடும்பாறையா என்று கேட்க வேண்டியிருக்கு. ஊருக்கே மாவட்டப் பேர் தேவைப்படும்போது, ஆளுக்கு இன்னொரு பேர் தேவைப்படாதா?

முக்கியமாக வெளிநாடு போகும்போது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா மற்றும் விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் அதற்குள் பலருக்குத் திக்கென்று ஆகிவிட்டது. எனவே சான்றிதழில் அப்பா, அம்மா பேர் அவர்களுடைய ஆதாரில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பையனின் இனிஷியல் நாளைக்கு விரிவது அங்கிருந்துதான். பள்ளி, கல்லூரி ஆவணங்களில் இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு உத்தரவிட்டிருப்பதையும் நினைவில் கொள்ளலாம்.

வீட்டில் ஒத்து வரலைன்னா?

கோர்ட் வரைக்கும் போயிருக்கு. கர்நாடக மாநிலம் ஹுன்சூரில் ஒரு தம்பதி, மகனுக்கு என்ன பேர் என்பதில் மூணு வருஷம் சண்டை போட்டு விவாகரத்து வரை போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட ஒரு பேரை இருவரும் ஏற்றுக்கொண்டு, மாலை மாற்றிச் சமாதானம் ஆனார்கள். கேரளாவில் பிரிந்து வாழ்ந்த பெற்றோர் ஒத்துப்போகாததால், பேர் இல்லாத சான்றிதழைப் பள்ளி ஏற்க மறுத்தது. 2023-ல் உயர் நீதிமன்றமே அந்தக் குழந்தைக்குப் பேரைத் தேர்வு செய்தது. பெற்றோரின் உரிமையைவிடக் குழந்தையின் நலன் முக்கியம் என்பதுதான் அங்கே அடிப்படை. பேர் இல்லாமல் தவித்தது குழந்தை, சண்டை போட்டவர்கள் இல்லை.

வச்ச பேரை அப்புறம் மாத்தலாமா?

எழுத்துப் பிழை என்றால் பதிவாளரிடம் ஆதாரம் கொடுத்துத் திருத்தலாம். ஆனால் ஒருமுறை பதிந்த பேரை விருப்பத்துக்கு மாற்றித் தர மாட்டார்கள். வேறு பேர் வேண்டும் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அதை வைத்து ஆதார், வங்கி, பள்ளி என்று ஒவ்வொரு இடமாக ஏறி இறங்க வேண்டும்.

அதனால், எழுதும் முன் இந்த 5 விஷயங்கள்

1. தாத்தா, குலதெய்வம், அப்பா அம்மா ஆசை என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கருப்பசாமியும் வேணும், புதுசாவும் வேணும் என்றால் 'கருப்பசாமி'யைத் தொட்டில் பேராக வைக்கலாம். அல்லது அதையே சான்றிதழில் எழுதி, செல்லமாக வேறு பேரில் கூப்பிடலாம். எது எங்கே என்று முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

2. அம்மாவிடம் கேளுங்கள். அந்தப் பேரை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடப் போவது அவர்தான்.

3. பேரைச் சத்தமாக வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். பாட்டி வாயில் நுழைகிறதா என்று பாருங்கள்.

4. தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, பதிவாளரிடம் வாயால் சொல்லாமல் எழுதியே கொடுங்கள்.

5. சான்றிதழ் கைக்கு வந்ததும், அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பேர், பிறந்த தேதி, அப்பா பேர், அம்மா பேர் நான்கும் சரியா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

12 மாதம் இருக்கு. காதுகுத்து வரைக்கும் பேசி முடிக்க அது தாராளம். முதல் பிறந்தநாள் கேக் வெட்டும்போது, அதில் எழுதியிருக்கும் பேரும் சான்றிதழில் இருக்கும் பேரும் ஒன்றாக இருந்தால் போதும்.